வேண்டுதலும் விடையும்: இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) வாழ்வு

இறைவனிடம் ஏந்திய கைகளைத் தாழ்த்துமுன் வேண்டியது வந்து சேர வேண்டுமென விரும்புவது மனித இயல்பு. வந்தால் மகிழ்கிறோம். வாராது போயின், நம் வேண்டுதல் ஏற்கப்படவில்லையோ என ஐயுறுகிறோம். சில நாள் காத்திருந்து, பின்னர்ச் சோர்வுற்று, இறுதியில் வேண்டுவதையே கைவிடுவோரும் நம்மிடையே உளர். மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் பல்லாண்டுக் காலம் அழுது பார்வை இழந்த பின்னரே அம்மகனை மீண்டும் அடைந்தார்கள். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் முதுமை எய்திய பின்னரே மகப்பேறு பெற்றார்கள். இவற்றையெல்லாம் நாம் அறிவோம். எனினும், அவர்கள் நபிமார்கள். எளிய மனிதராகிய நமக்கு அத்தகைய பொறுமை கைகூடுமோ என்னும் வினா எழுகின்றது.

அவ்வினாவுக்கு விடையாக அமைந்த வாழ்வு, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களுடையது. அவர்கள் நபியல்லர், அரசரல்லர், படைநடத்தியவருமல்லர். பாக்தாத் நகரில் எளிய இல்லத்தில் வாழ்ந்து நபிமொழிகளைக் கற்றும் கற்பித்தும் வந்த ஓர் அறிஞர். அவர்களுடைய வாழ்வில் ஒரு வேண்டுதலுக்கு ஓரிரவுக்குள் விடை கிடைத்தது. மற்றொரு விடைக்காக ஏறத்தாழ 15 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வேண்டியவர் ஒருவரே, செவியேற்ற இறைவனும் ஒருவனே. காலம் மட்டுமே வேறுபட்டது.

இளமையும் கல்வியும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 164ஆம் ஆண்டில் (கி.பி. 780) பாக்தாதில் பிறந்தார்கள். ஷைபான் என்னும் அரபுக் குலத்தைச் சேர்ந்த அவர்களுடைய குடும்பம் குராசான் நாட்டு மர்வ் நகரில் வாழ்ந்தது. அன்னையார் கருவுற்றிருந்த நிலையில் அங்கிருந்து பாக்தாத் வந்து சேர்ந்தார். தந்தையார் இளமையிலேயே காலமானதால், அன்னையார் ஒருவரே மகனை வளர்த்து ஆளாக்கினார்.

ஹிஜ்ரி 179இல் நபிமொழிக் கல்வியைத் தொடங்கிய இமாம் அவர்கள் கூஃபா, பஸ்ரா, மக்கா, மதீனா, யமன் எனப் பல ஊர்களுக்குப் பயணம் மேற்கொண்டார்கள். அப்பயணங்களில் வறுமை அவர்களுடைய நிழல்போல் தொடர்ந்தது. ஐந்துமுறை ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். அவற்றுள் மூன்று நடைப்பயணமாகவே அமைந்தன. யமன் செல்லும் வழியில் கைப்பொருள் தீர்ந்துவிடவே, ஒட்டகக்காரர்களிடம் கூலிவேலை செய்து வழிச்செலவைத் தேடிக்கொண்டார்கள். அங்கே ஆசிரியர் அப்துர் ரஸ்ஸாக் அவர்கள் அன்புடன் அளித்த பொற்காசுகளையும் ஏற்க மறுத்தார்கள். ரை நகரிலிருந்த ஜரீர் என்னும் அறிஞரிடம் பாடம் கேட்க விரும்பியபோது, கையில் 50 திர்ஹம் இல்லாமையால் அப்பயணம் கைகூடவில்லை. விரும்பியன எல்லாம் விரும்பிய பொழுதே கிட்டுவதில்லை என்னும் உண்மையை அன்னார் இளமையிலேயே உணர்ந்திருந்தனர்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பாக்தாத் வந்தபோது அவர்களிடம் சட்டக்கலை நுட்பங்களைக் கற்றார்கள். அந்த ஆசிரியருக்காகப் பல்லாண்டுகள் தம் தொழுகையில் துஆச் செய்து வந்தார்கள். தமிழகக் கடற்கரையூர்களில் வாழும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் தலைவருக்கு அவருடைய மாணவரே இவ்வாறு நாள்தோறும் இறைஞ்சி வந்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

சோதனையின் தோற்றம்

அப்பாசியக் கலீஃபாக்களுள் கல்வியார்வம் மிக்கவர் மஃமூன். கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்படப் பேருதவி புரிந்தவர். முஃதஸிலாக்கள் எனப்பட்ட அறிவுவாதக் குழுவினரின் கொள்கைகளை அவர் ஏற்றுக்கொண்டார். திருக்குர்ஆன் படைக்கப்பட்ட ஒரு பொருளே என்பது அக்கொள்கைகளுள் ஒன்று. அது இறைவனின் பேச்சு. படைக்கப்பட்டதன்று என்பது நபிவழி அறிஞர்களின் நிலை.

கருத்து வேறுபாடு கல்விக்கூடத்தோடு நின்றிருப்பின் தீங்கில்லை. ஆனால் கி.பி. 833இல் மஃமூன் தம் கொள்கையை அரசாணையாக்கினார். நீதிபதிகளும் அறிஞர்களும் அழைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் அதனை ஏற்கிறாரா என வினவப்பட்டனர். மறுத்தவர்க்குப் பதவியிழப்பும் சிறையும் காத்திருந்தன. வரலாற்றில் இந்நிகழ்ச்சி மிஹ்னா, அதாவது சோதனை, எனப் பெயர் பெற்றது.

பலர் அஞ்சி இசைந்தனர். உயிருக்கு இடர் நேருமிடத்து நாவால் இசைவதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதால் அவர்களைக் குற்றம் கூறுவது எளிதன்று. இறுதிவரை உறுதியாய் நின்றவர் இருவர்: ஒருவர் இமாம் அஹ்மத், மற்றவர் முஹம்மத் இப்னு நூஹ் என்னும் இளைஞர். இமாம் அவர்களும் அச்சலுகையைப் பயன்படுத்தலாமே என அன்பர் ஒருவர் வருந்திக் கூறியபோது, வெளியே சென்று பார்க்குமாறு அவரை அனுப்பினார்கள் என வரலாறு கூறுகின்றது. அங்கே மக்கள் திரள் எழுதுகோலும் தாளும் ஏந்தி, இமாம் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தது. தம் உயிரைக் காத்துக்கொள்வதற்காக அவ்வளவு மக்களையும் வழிதவறச் செய்ய அன்னாருக்கு மனமில்லை.

ஓரிரவில் வந்த விடை

இருவரும் விலங்கிடப்பட்டு, கலீஃபா தங்கியிருந்த தர்ஸூஸ் நோக்கி ஒட்டகத்தில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மஃமூனைச் சந்தித்தால் வாளுக்கு இரையாவது உறுதி எனப் பலரும் எண்ணினர். அப்பயணத்தின்போது இமாம் அவர்கள், மஃமூனின் முகத்தில் விழிக்கும் நிலையைத் தமக்குத் தரவேண்டாமென இறைவனிடம் இறைஞ்சினார்கள். அவ்விரவு கழியுமுன்னரே மஃமூன் இறந்த செய்தி வந்து சேர்ந்தது என்பர். அது கி.பி. 833ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்.

கேட்ட மாத்திரத்தில் கிடைத்த விடை அது. துன்பம் அத்துடன் தீர்ந்தது என்றே எவரும் கருதியிருப்பர். ஆனால் தீரவில்லை. மஃமூன் தம் தம்பி முஃதஸிமுக்கு விட்டுச் சென்ற இறுதி அறிவுரைகளுள் இக்கொள்கையைத் தொடர்ந்து நிலைநாட்டுவதும் ஒன்று. தலைமைக் காழீயாக விளங்கிய இப்னு அபீ துஆத் அதனை முனைந்து நடத்தினார். மஃமூன் மறைந்தார், மிஹ்னா மறையவில்லை.

கைதிகள் இருவரும் பாக்தாத் நோக்கித் திருப்பி அனுப்பப்பட்டனர். வழியில் ஆனா என்னும் ஊரில் முஹம்மத் இப்னு நூஹ் நோயுற்று உயிர் நீத்தார். மக்கள் இமாமையே எதிர்நோக்கியிருக்கின்றனர். ஆதலின் உறுதி தளரலாகாது என்பதே அவ்விளைஞர் தம் தோழருக்கு இறுதியாக விடுத்த வேண்டுகோள். இமாம் அவர்களே அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்துவிட்டுத் தனியராய்ப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஒரே விலங்கில் ஒரே வழியில் சென்ற இருவருள் ஒருவருக்கு மரணமும், மற்றவருக்குச் சிறையும் விதிக்கப்பட்டன.

சிறையும் சாட்டையும்

பாக்தாதில் இமாம் அவர்கள் ஏறத்தாழ 28 மாதங்கள் சிறைப்பட்டிருந்தார்கள். காலில் விலங்கு பூட்டிய நிலையிலேயே உடனிருந்த கைதிகளுக்கு ஜமாஅத்தாகத் தொழுகை நடத்தினார்கள். விடுதலைக்கான வேண்டுதல் அங்கே எத்தனை இரவுகள் எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஓரிரவில் மஃமூனை அகற்றிய இறைவனுக்கு ஒரு சிறைக் கதவைத் திறப்பது அரிதன்று. ஆயினும் கதவு திறக்கவில்லை.

பின்னர் முஃதஸிமின் முன்னிலையில் மூன்று நாள் விவாதம் நடைபெற்றது. இறைவேதத்திலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஒரு சான்று காட்டினால் ஏற்றுக்கொள்வதாக இமாம் அவர்கள் மீண்டும் மீண்டும் கூறினார்கள். முஃதஸிமின் மனம் ஒருகட்டத்தில் இளகியது. விடுவித்தால் இரு கலீஃபாக்களை இவர் வென்றுவிட்டதாக மக்கள் பேசுவர் என அருகிலிருந்தோர் தூண்டவே, அவர் சாட்டையடிக்கு ஆணையிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் காவலர் முன்வந்து அடித்தனர். இமாம் அவர்கள் நினைவிழந்தார்கள். அன்று அவர்கள் நோன்பிருந்தார்கள். நினைவு மீண்டபின் அருந்துவதற்குக் கஞ்சி அளிக்கப்பட்டபோது, நோன்பை முறிக்க மறுத்து, குருதி வழியும் உடலோடு தொழுதார்கள்.

இமாம் இறந்துபடின் மக்கள் கொதித்தெழுவர் என்னும் அச்சத்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பினர். மருத்துவர் வந்து இறந்துபட்ட சதையை அறுத்தெடுத்தார். காயங்கள் ஆறின, எனினும் அடிபட்ட வலி நெடுநாள் நீங்கவில்லை.

இங்கு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. இமாம் அவர்கள் தம் துஆவில் அபுல் ஹைஸம் என்பவருக்காக அடிக்கடி இறைஞ்சுவதைக் கண்ட மகனார், அவர் யாரென வினவினார். அவர் ஒரு திருடர். தண்டனைக்குக் கொண்டு செல்லப்பட்ட நாளில் அவர் இமாமை நெருங்கி, உலகப் பொருளுக்காகவும் ஷைத்தானுக்காகவும் தாம் எண்ணற்ற சாட்டையடிகளைத் தாங்கியிருப்பதாகவும், இறைவனுக்காக இமாம் தாங்க வேண்டுமெனவும் கூறிச் சென்றாராம். விடுதலைக்கான விடை வராத அந்நாளில், தாங்கும் வலிமை ஒரு திருடரின் நாவழியே வந்தது. நாம் கேட்ட உருவில் வராத உதவியை உதவியென்றே அறியாமல் விடுகிறோம். இமாம் அவர்கள் அதனை அறிந்தார்கள். அவரை வாழ்நாளெல்லாம் நன்றியோடு நினைத்தார்கள்.

நீண்ட மௌனம்

முஃதஸிம் கி.பி. 842இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த வாஸிக்கும் மிஹ்னாவைத் தொடர்ந்தார். இமாம் அவர்கள் மக்களோடு கூடக்கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. சில காலம் பிறர் வீடுகளில் மறைந்தும், பின்னர்த் தம் வீட்டிலேயே ஒடுங்கியும் வாழ்ந்தார்கள். தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குச் செல்வதும் நின்றது. நபிமொழி கற்பிப்பதையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவருக்குச் சாட்டையடியினும் அக்கட்டாய மௌனமே கொடியதாயிருந்திருக்கும்.

அக்காலத்தில் பாக்தாதின் சட்ட அறிஞர் சிலர் இமாமிடம் வந்தனர். கொடுமை எல்லை மீறிவிட்டது. இனி வாஸிக்கின் ஆட்சியை ஏற்பதற்கில்லை என்றனர். துன்புற்ற ஒருவருக்கு இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆனால் இமாம் அவர்கள் இசையவில்லை. உள்ளத்தால் வெறுக்கலாம், ஆனால் முஸ்லிம்களின் குருதி சிந்தப்படலாகாது, விளைவை எண்ணிப் பொறுத்திருங்கள் என அறிவுறுத்தி அனுப்பினார்கள். கொள்கையில் ஒரு சொல்லும் விட்டுக்கொடாதவர், விடிவைத் தம் கையால் பறித்தெடுக்கவும் முனையவில்லை. பொய்யுரைத்து விடுதலை பெறுவதும், குருதி சிந்தி விடுதலை பெறுவதும் இறைவன் குறித்த காலத்தை முந்தும் செயல்களே என்பதை அன்னாரின் வாழ்வு காட்டுகின்றது.

விடிவைக் காணாத தோழர்கள்

அதே வேண்டுதலை நெஞ்சில் ஏந்திய வேறு சிலர் இம்மையில் விடிவைக் காணவில்லை. அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாஈ என்னும் பெரியார், கிளர்ச்சிக்கு முயன்றாரெனப் பிடிக்கப்பட்டு, கி.பி. 846இல் வாஸிக்கின் முன்னிலையில் கொல்லப்பட்டார். அவர் இறைவனுக்காக உயிரையே ஈந்துவிட்டார் என இமாம் அவர்கள் மனமுருகிப் பாராட்டினார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கரான யூசுஃப் அல்-புவைதீ (ரஹ்) எகிப்திலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டுப் பாக்தாதில் சிறைவைக்கப்பட்டார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவின் பாங்கு கேட்டதும் அவர் குளித்துத் தூய ஆடை அணிந்து சிறை வாயில் வரை நடந்து செல்வார். காவலர் திருப்பி அனுப்புவார். உன் அழைப்புக்கு நான் இணங்கி வந்தேன், இவர்கள் தடுத்துவிட்டனர் என இறைவனிடம் முறையிட்டுத் திரும்புவார். கதவு திறவாது என அறிந்தும் ஒவ்வொரு வாரமும் அவ்வாயில் வரை நடந்தார். அவரும் அச்சிறையிலேயே 846இல் உயிர் நீத்தார். மிஹ்னா ஓய்வதற்கு அப்போது ஒருசில ஆண்டுகளே எஞ்சியிருந்தன.

இவர்களுடைய வேண்டுதல் வீணாயிற்று என்று கூறலாமா? வேண்டுதல் குறித்த நபிமொழி ஒன்றை இமாம் அஹ்மத் அவர்களே தம் முஸ்னத் நூலில் பதிவு செய்துள்ளார்கள். பாவத்தையோ உறவை முறிப்பதையோ வேண்டாத எந்த முஸ்லிமின் துஆவுக்கும் மூன்றில் ஒரு விடை உண்டு என்பது அதன் கருத்து. கேட்டதை இறைவன் விரைந்து அளிப்பான். அல்லது மறுமைக்காக அதனைச் சேமித்து வைப்பான். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கை அகற்றுவான். அந்நூலில் அடங்கிய 27,000க்கும் மேற்பட்ட நபிமொழிகளுள் இதுவும் ஒன்று. எழுதி வைத்தவரே அதனை வாழ்ந்தும் காட்ட வேண்டியிருந்தது.

விடிவும் மற்றொரு சோதனையும்

கி.பி. 847இல் வாஸிக் மறைய, முதவக்கில் கலீஃபாவானார். அடுத்த ஆண்டுகளில் மிஹ்னா படிப்படியாகக் கைவிடப்பட்டது. குர்ஆன் குறித்த அத்தர்க்கங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. காழீ இப்னு அபீ துஆத் பக்கவாதத்தால் செயலற்றுப் பின்னர்ப் பதவியும் இழந்தார். வாளெடாமலும் பொய்யுரையாமலும் காத்திருந்த இமாம் அவர்களின் கொள்கையே நிலைபெற்றது. 53ஆம் வயதில் தொடங்கிய சோதனை 68ஆம் வயதளவில் ஓய்ந்தது.

பழிதீர்க்கும் வாய்ப்பு வந்தபோது அதனை அவர்கள் நாடவில்லை. தம்மை அடிக்கச் செய்த முஃதஸிமை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு முஸ்லிம் சகோதரர் தம் பொருட்டு வேதனை செய்யப்படுவதால் தமக்கு என்ன பயன் என்பதே அவர்களுடைய எண்ணம்.

முதவக்கில் அவர்களைச் சாமர்ராவிலுள்ள தம் அரண்மனைக்கு அழைத்துப் பரிசுகளை வழங்கினார். இமாம் அவர்களுக்கோ அது மகிழ்ச்சி தரவில்லை. அரண்மனை உணவைத் தொடாமல் நோன்பிருந்து மெலிந்தார்கள். ஆட்சியாளரிடமிருந்து இத்தனை காலம் ஒதுங்கி வாழ்ந்துவிட்டு, வாழ்வின் இறுதியில் அவர்களிடம் அகப்பட்டுக்கொண்டேனே என வருந்தினார்கள். மக்கள் அரசின் உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டதால் அவர்கள் வீட்டு உணவையும் தவிர்த்தார்கள். மகனார் ஸாலிஹின் வீட்டு அடுப்பில் சுட்ட ரொட்டியைக்கூட உண்ண மறுத்தார்கள். துன்பத்தில் பொறுமை காத்தவர்களுள் பலர் இன்பத்தில் தடுமாறுவர். தாமதித்து வந்த விடையும் ஒரு சோதனையே என்பதை இமாம் அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

ஹிஜ்ரி 241 (கி.பி. 855) ரபீஉல் அவ்வல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமையன்று, 77ஆம் வயதில் இமாம் அவர்கள் இவ்வுலகை நீத்தார்கள். மக்களோடு கூடத் தடை செய்யப்பட்டிருந்த அப்பெரியாரின் ஜனாஸாவில் பாக்தாத் நகரமே திரண்டது. கலந்துகொண்டோர் பல இலட்சம் எனப் பழைய நூல்கள் கூறுகின்றன.

நாம் பெறும் படிப்பினை

தேர்வில் வெற்றிக்காகவும், வேலைக்காகவும், நோயுற்ற பெற்றோரின் நலத்துக்காகவும் கையேந்துகிறோம். சிலவற்றுக்கு உடனே விடை கிடைக்கின்றது. சிலவற்றுக்கு ஆண்டுகள் கழிகின்றன. சிலவற்றுக்கு இம்மையில் விடையே தென்படுவதில்லை. மஃமூனின் மரணச் செய்தி வந்த இரவில் இறைவன் இமாமுக்கு நெருக்கமாகவும், சாட்டை விழுந்த பகலில் தொலைவாகவும் இருந்தான் என்று எவரும் கூறார். இரு பொழுதிலும் அவன் செவியேற்பவனாகவே இருந்தான்.

காத்திருத்தல் என்பது கைகட்டிச் சோம்பியிருத்தல் அன்று. இமாம் அவர்கள் சிறையில் தொழுகை நடத்தினார்கள். சான்று கேட்டு வாதிட்டார்கள். தம் மக்களை இருத்தி முஸ்னதை ஓதிக் காட்டினார்கள். அவர்களுள் அப்துல்லாஹ் என்னும் மகனார் வழியாகவே அந்நூலை இன்று உலகம் பெற்றுள்ளது. செய்யத்தக்க கடமையைச் செய்துகொண்டு, செய்யத்தகாத குறுக்குவழிகளை விலக்கி, பயனையும் காலத்தையும் இறைவனிடம் ஒப்படைப்பதே அவர்கள் காட்டிய காத்திருப்பு.

சிறை வாயில் திறவாதென அறிந்தும் வெள்ளிதோறும் அதை நோக்கி நடந்த புவைதீ (ரஹ்) அவர்களின் உறுதியையும், 15 ஆண்டுகள் அயராது நின்ற இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் பொறுமையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.